குரூப்பை யார் தேர்ந்தெடுப்பது?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்த சில நாட்களில் தமிழ்நாட்டின் எந்த மேல்நிலைப் பள்ளிக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மதிப்பெண் பட்டியலின் ஜெராக்ஸ், மாற்றுச் சான்றிதழ், ஆதார் நகல் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலுக்குள். ஃபைல் அம்மாவின் மடியில். மேசைக்கு எதிரே நாற்காலி நுனியில் அப்பா. அவருக்குப் பின்னால் சுவரோரமாக நிற்கும் பையன். "என்ன குரூப் தம்பி எடுக்கப் போற?" என்று ஆசிரியர் பையனைப் பார்த்துத்தான் கேட்கிறார். "ஃபர்ஸ்ட் குரூப்பே போட்டுடுங்க சார்" என்கிறார் அப்பா. ஆசிரியர் எழுதிக்கொள்கிறார். பையன் வாயைத் திறப்பதற்குள் அடுத்த பெற்றோர் உள்ளே வந்துவிடுகிறார்கள்.

மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு எப்படித் துணை நிற்பது என்று கேட்டால் சத்துள்ள சாப்பாடு, நேர அட்டவணை, நல்ல டியூஷன் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எல்லாம் வேண்டியவையே. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி அந்த மேசையிலேயே எழுந்துவிடுகிறது. அங்கே பதில் சொல்ல வேண்டியவர் யார்?

அப்பாவின் பக்கத்தை முதலில் கேட்பதே நியாயம். கட்டட வேலைக்கோ விசைத்தறிக்கோ போகும் ஒருவர், தெருவில் ஒரு பையன் பி.இ. முடித்து வேலைக்குப் போனதும் அந்த வீட்டின் கூரை மாறியதையும், தங்கையின் திருமணம் கடனில்லாமல் நடந்ததையும் கண்ணால் பார்த்தவர். கணிதமும் அறிவியலும் அடங்கிய முதல் குரூப் அவருக்கு வீம்பு அல்ல. பிடித்து ஏற அவருக்குத் தெரிந்த ஒரே படி அதுதான். வசதியுள்ள குடும்பத்தில் பிள்ளை ஓராண்டை வீணாக்கினாலும் தாங்கிக்கொள்வார்கள். இல்லாத வீட்டில் தவறான ஒரு தேர்வு தம்பி தங்கையின் படிப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். "அவன் இஷ்டத்துக்கு விடுங்க" என்பது சேமிப்பு உள்ளவர்கள் இல்லாதவர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடும் புத்திமதி.

இன்னொன்றும் உண்டு. பதினைந்து வயதில் விருப்பம் என்று சொல்லப்படுவது சில சமயம் வெறும் பயம். கணக்கில் ஒரு முறை மதிப்பெண் குறைந்தது, நெருங்கிய நண்பன் வேறு பிரிவில் சேர்ந்தது, ஓர் ஆசிரியரைக் கண்டாலே நடுக்கம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பின்விளைவோ பெரிது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் இல்லாதவருக்குப் பெரும்பாலான பொறியியல் படிப்புகள் கிடையாது. உயிரியல் இல்லாதவருக்கு மருத்துவத்தின் வழி அடைபட்டது போலத்தான்.

பிள்ளையின் படிப்பை யார் முடிவு செய்வது என்ற இதே கேள்வி 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வேறொரு வடிவில் வந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் ஆமிஷ் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த பெற்றோர் எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள். உயர்நிலைப் பள்ளி தங்கள் சமய வாழ்வுக்கு ஒவ்வாது என்பது அவர்கள் வாதம். பதினாறு வயது வரை பள்ளி கட்டாயம் என்றது சட்டம். ஆளுக்கு ஐந்து டாலர் அபராதம் விழுந்தது. உச்ச நீதிமன்றம் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் ஓரளவு மாறுபட்டார். வழக்குக்குக் காரணமான மூன்று பிள்ளைகளில் ஒரு பெண் மட்டுமே சாட்சி சொல்லியிருந்தாள். மற்ற இருவரின் மனத்தில் என்ன இருந்தது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. பியானோ வாசிக்கவோ விண்வெளிக்குப் போகவோ கடலை ஆராயவோ ஆசைப்படும் பிள்ளையாக இருந்தால் என்ன செய்வது என்று அவர் கேட்டார்.

அந்த வழக்கையும் கருத்தில் கொண்டு தத்துவப் பேராசிரியர் ஜோயல் ஃபைன்பெர்க் 1980இல் ஒரு கட்டுரை எழுதினார். வளர்ந்த பிறகு தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி வழிகள் திறந்திருப்பது பிள்ளையின் உரிமை, அந்தப் பருவம் வரும்வரை பெற்றோர் அந்த உரிமைக்குக் காவல் என்பது அதன் சாரம். குழந்தைகளைப் பாதிக்கும் விஷயங்களில் அவர்கள் கருத்தைக் கேட்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் தக்க மதிப்பைத் தர வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும் சொல்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டது. கேட்பதும் கேட்டபடியே செய்வதும் ஒன்றல்ல. ஆனால் கேட்காமலே முடிவு செய்வதற்கு உடன்படிக்கையில் இடமில்லை.

ஆக, பயத்தால் ஒரு வழியை அடைக்கப் போகும் பிள்ளையிடம் "கணக்கை விட்டுவிடாதே, நான் கூட இருக்கிறேன்" என்று அழுத்திச் சொல்லும் உரிமை அப்பாவுக்கு உண்டு. அது அவர் கடமையும்கூட. ஆனால் முதல் குரூப் எல்லா வழிகளையும் திறந்து வைக்கும் என்பது பாதி உண்மை. இரண்டு ஆண்டு பிடிக்காமல் படித்து, நான்கு பாடத்திலும் மதிப்பெண் குறைந்து வெளியே வரும் பிள்ளைக்கு அந்த வழிகள் காகிதத்தில் மட்டுமே திறந்திருக்கும். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் போதும். சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வையும் பிளஸ் டூ முடித்த எவரும் எழுதலாம். இதெல்லாம் பல வீடுகளுக்குத் தெரியாது. தெரியப்படுத்தத்தான் 2022இல் தமிழக அரசு 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. பெற்றோரின் அதிகாரம் தங்களுக்குத் தெரிந்த இரண்டு படிப்புகளோடு நின்றுவிட்டால் அது பிள்ளையின் வாழ்க்கையைக் குறுக்கிவிடும்.

குரூப்போடு விஷயம் முடிவதில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஒப்பிக்க வைத்த பள்ளிகள் தமிழ்நாட்டில் கொடிகட்டிப் பறந்தன. பிராய்லர் பள்ளிகள் என்று மக்களே அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். அந்த ஏற்பாடு தெரிந்தும் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டியவர்கள் பெற்றோர்தான். பாதிப் பாடத்தைப் படிக்காமலே அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். இந்தப் பழக்கத்தை ஒழிக்கத்தான் 2018 மார்ச்சில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 கல்வியாண்டு முதல் அது கைவிடப்பட்டது. மாணவர்களின் சுமை குறைந்தது நல்லதே. ஆனால் பள்ளியில் எந்த ஆண்டின் பாடம் நடக்கிறது என்று விசாரிக்கும் பொறுப்பு மறுபடி வீட்டுக்கு வந்திருக்கிறது. குறுக்கு வழி என்று தெரிந்தே பணம் கட்டும் பெற்றோர் அந்த ஏமாற்றில் பங்காளிகள்தான்.

2023 நவம்பரில், நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையங்கள் நிறைந்த ராஜஸ்தானின் கோட்டாவில் மாணவர் தற்கொலைகள் தொடர்ந்த நேரத்தில், பயிற்சி மையங்களை ஒழுங்குபடுத்தக் கோரிய மனுவை விசாரித்த இந்திய உச்ச நீதிமன்றம், மையங்களைக் காட்டிலும் பெற்றோரின் எதிர்பார்ப்பே பிரச்சினை என்று கருத்துச் சொன்னது. முழுப் பழியையும் பெற்றோர் தலையில் சுமத்துவது சரியல்ல. இடங்கள் குறைவாகவும் போட்டி கடுமையாகவும் இருப்பது அவர்கள் செய்த குற்றமில்லை. இருந்தாலும் அந்தக் கருத்தில் ஓர் உண்மை இருக்கிறது. தோல்வியைப் பிள்ளை முதலில் வீட்டில்தான் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாத வீடாக அது இருந்தால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

வேவு பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. போனைப் பிடுங்கிப் பார்ப்பார்கள், நண்பர்களைக் குடைவார்கள். சுவீடனின் பதினான்கு வயது மாணவர்களை ஆராய்ந்து ஹாகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்திருந்ததில் பெரும்பகுதி பிள்ளைகளே தாமாக வந்து சொன்னது. கண்காணிப்பால் தெரிந்தது குறைவு. "எவ்வளவு மார்க்?" என்ற கேள்விக்கு அடுத்து அடியோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பீடோ வரும் என்று தெரிந்த பிள்ளை, மாதத் தேர்வு விடைத்தாளைப் பையின் அடியிலேயே மடித்து வைத்துவிடும். முன்னேற்ற அறிக்கையில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போடப் பழகிக்கொள்ளும்.

குரூப் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்ட பெற்றோருக்கும் காலம் கடந்துவிடவில்லை. வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் கேட்டால், இடமிருந்தால், பல பள்ளிகளில் பிரிவு மாற்றித் தருகிறார்கள். அந்த வாரங்களுக்குள் ஒரு மாலை பிள்ளையோடு உட்கார்ந்து, எந்தப் பாட வகுப்பில் மனம் ஒட்டுகிறது, எதில் ஒட்டவில்லை என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். மாற்றம் வேண்டும் என்று தெரிந்தால் மறுநாளே பிள்ளையையும் அழைத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பாருங்கள். விண்ணப்பத்தைப் பிள்ளையே எழுதட்டும். கீழே நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்.