எதிர்த்து நின்றவனின் ஹிம்சை

சமண இல்லறத்தாருக்கு ஹிம்சையை நான்காகப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். வேண்டுமென்றே கொல்வது சங்கல்பி. அடுப்பு மூட்டும்போதும் வீடு பெருக்கும்போதும் நேர்வது ஆரம்பி. உழவு, வணிகம் என்று பிழைப்பில் நேர்வது உத்யோகி. தன்னையும் தன்னை நம்பியவர்களையும் தாக்க வருகிறவனை எதிர்க்கையில் நேர்வது விரோதி. முதலாவதை அறவே விடவேண்டும். மற்ற மூன்றையும் முடிந்த மட்டும் குறைக்கவேண்டும். துறவிக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது.

வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில், நயினார் வீடுகள் இருக்கும் தெருவில், இதை எனக்குச் சொல்லித்தந்தவர் என் பாட்டி. முதல் மூன்றும் சிறுவயதிலேயே விளங்கிவிட்டன. நெல் அவிப்பதையும் ஏர் ஓட்டுவதையும் எறும்புப் புற்றுக்கு அரிசி நொய் போடுவதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். நான்காவதற்கு மட்டும் எங்கள் ஊரில் கண்ணால் பார்க்க எடுத்துக்காட்டு இல்லை. தமிழாசிரியையாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு, வியட்நாமில் கூ சி சுரங்கங்களைப் பார்க்கப் போனபோது அது என் எதிரே வந்து நின்றது.

மகள் ஹோ சி மின் நகரத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் சுரங்கம், பிற்பகல் மேகாங் கழிமுகம் என்று ஒரே நாளில் இரண்டையும் காட்டும் பயணங்கள் அங்கே நிறைய உண்டு. பேருந்தில் கூட்டத்தோடு போனால் இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று யாராலும் சொல்லமுடியாது. நான் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. அதற்காகவே மகள் தனிக் காரும், எங்களுக்கு மட்டும் ஒரு வழிகாட்டியும் ஏற்பாடு செய்தாள். வந்தவன் முப்பது வயதுக்குள் இருக்கும் பையன், நிதானமாகப் பேசுகிறவன். அவனைத் தம்பி என்றே கூப்பிட்டேன். அந்தச் சொல்லை மகள் அவனுக்கு விளக்கியபிறகு அவனும் என்னை அம்மா என்றான்.

கூ சியில் பார்வையாளர்களுக்கு இரண்டு இடங்கள் திறந்திருக்கின்றன. பென் டின் நகரத்துக்குக் கிட்டே. பெரும்பாலோர் அங்கேதான் போகிறார்கள். பென் டுவொக் இன்னும் தள்ளி, சைகோன் ஆற்றை ஒட்டி இருக்கிறது. நாங்கள் பென் டுவொக் போனோம். இந்தச் சுரங்கங்களை 1940களின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராகத் தோண்ட ஆரம்பித்தார்கள். அமெரிக்கப் போரின் உச்சத்தில் மொத்த நீளம் சுமார் 250 கிலோமீட்டர் என்கிறார்கள். சிறு மண்வெட்டியும் மூங்கில் கூடையும்தான் கருவிகள். செம்பாறைக் களிமண் ஈரத்தில் வெட்ட இளகி, காய்ந்தால் இறுகிவிடும். வெட்டிய மண்ணைப் பகைவர் கண்ணில் படாமல் குண்டு விழுந்த பள்ளங்களிலும் ஆற்றிலும் கொட்டினார்கள். காற்றுக்கான துளைகளைக் கரையான் புற்று வடிவில் மூடி மறைத்தார்கள். நம் ஊர்ப்பக்கம் மஞ்சள் பூசி வணங்கும் புற்றைப் போலவே இருந்த ஒன்றைத் தம்பி சுட்டிக்காட்டி, அதற்குக் கீழே ஆட்கள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள் என்றான்.

பார்வையாளர்களுக்காக அகலப்படுத்திய பாதையிலேயே குனிந்து, சில இடங்களில் மண்டியிட்டுத்தான் போகமுடிகிறது. என் முழங்கால் ஒத்துழைத்த வரை போனேன். உள்ளே காற்றில் ஈர மண் வாசம். மண்ணுக்கே உயிர் உண்டு, ஓரறிவு உயிர், அதனால் தேவையின்றித் தோண்டக்கூடாது என்று எங்கள் சமயம் சொல்கிறது. இங்கே ஒரு மாவட்டத்து மக்கள் பல ஆண்டுகள் தோண்டியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை இருந்ததா என்ற கேள்விக்கு ஆற்றின் அக்கரையிலேயே பதில் இருக்கிறது. 1967 ஜனவரியில் 'சீடர் ஃபால்ஸ்' என்ற தாக்குதலில் அமெரிக்க, தெற்கு வியட்நாம் படையினர் ஏறத்தாழ 30,000 பேர் இறங்கினார்கள். அக்கரையில் இருந்த பென் சுக் என்ற கிராமத்தையும் அதைச் சுற்றியிருந்த ஊர்களையும் சேர்ந்த மக்கள், ஏறக்குறைய 6,000 பேர், லாரிகளிலும் படகுகளிலும் ஏற்றி அகற்றப்பட்டார்கள். பிறகு வீடுகளைத் தீயிட்டு, புல்டோசரால் தரைமட்டமாக்கி, மேலே குண்டும் போட்டார்கள். இப்படி ஒரு படை வந்தால் என் ஊர்க்காரர்கள் என்ன செய்திருப்பார்கள்? ஊரைவிட்டு ஓடியிருப்பார்கள், அல்லது தோண்டியிருப்பார்கள். இரண்டில் எதையும் நான் பழிக்கமாட்டேன்.

விரோதி ஹிம்சை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அந்த இடமே அப்படி முடிக்கவிடவில்லை.

சுரங்கத்தில் இருந்தவர்கள் தற்காத்துக்கொள்ள மட்டும் அங்கே இருக்கவில்லை. 1968 தெத் புத்தாண்டுப் பண்டிகையின்போது சைகோன் நகரத்தின்மேல் நடந்த தாக்குதலுக்கு இந்தப் பகுதி தளமாக இருந்தது. அந்தப் போரில் கெரில்லாக்கள் தெற்கு வியட்நாம் அரசாங்கத்துக்கு வேலை செய்த கிராம அதிகாரிகளைத் தேடிப்பிடித்துக் கொன்றதும் உண்டு. ஆயுதமில்லாத ஒருவரை வீட்டிலிருந்து இழுத்துவந்து கொல்வதைச் சங்கல்பி என்றுதான் சொல்லவேண்டும். இன்னொரு பக்கம், துளைக்குள் இறங்க உடல் சிறுத்த அமெரிக்க, ஆஸ்திரேலியப் படையாட்களைத் தேர்ந்து அனுப்பினார்கள். 'சுரங்க எலிகள்' என்று அவர்களுக்குப் பெயர். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் கைத்துப்பாக்கி. இருட்டில் தவழ்ந்து போகும் அந்த இருபது வயதுப் பையனுக்கு, எதிரே மூச்சுச் சத்தம் கேட்கும் நொடியில், தான் செய்வதும் தற்காப்புதான். நாட்டை வைத்துப் பார்த்தால் அவன் வந்தேறிய பகைவன். அந்த நொடியை வைத்துப் பார்த்தால் அவனும் உயிருக்குப் பயந்த ஒரு ஜீவன். ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து பார்க்கச் சொல்லும் அநேகாந்தம் எங்கள் சமயத்தின் பெருமை. அதைத் தீர்ப்புச் சொல்லாமல் நழுவப் பயன்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். கடல் கடந்து வந்து ஊரை எரித்தவர்களின் பொறுப்பும், எரிந்த ஊரைக் காக்க மண்ணுக்குள் போனவர்களின் பொறுப்பும் ஒன்றல்ல. அதே சமயம், இரண்டாமவர் கையிலும் ரத்தம் இருக்கிறது.

நுழைவாயிலுக்கு அருகே ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் காட்டுகிறார்கள். அதில் ஓர் இளம்பெண் அமெரிக்கர்களைக் கொன்றதற்காகப் பாராட்டப்படுகிறாள். சிரித்த முகம், கள்ளமில்லாத கண்கள். அந்தக் கண்களைப் பார்த்தபோது என் வகுப்பில் படித்த பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். அந்தப் பெண் சுடவேண்டிய நிலையை உண்டாக்கியவர்கள்மேல் கோபம் வந்தது. சுட்டதைப் பதக்கமாக்கியவர்கள்மேலும் வருத்தம் வந்தது.

பென் டுவொக்கில் ஒரு நினைவுக் கோயில் உண்டு, 1995இல் திறந்தது. உள்ளே சுவர் முழுக்கக் கல்லில் பெயர்கள். பிரெஞ்சு, அமெரிக்கப் போர்களில் இறந்த 44,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். ஊதுபத்தி ஏற்றி வணங்கினேன். உங்கள் குடும்பத்தார் யாராவது இதில் இருக்கிறார்களா என்று தம்பியைக் கேட்டேன். "அம்மாவழித் தாத்தாவின் தம்பி இருக்கிறார்" என்று ஒரு வரியைக் காட்டினான். "அப்பாவழித் தாத்தா இங்கே இல்லை. அவர் தெற்கு அரசாங்கத்தின் படையில் இருந்தவர். அவரைப் போல இறந்தவர்களுக்குப் பெயர்ச்சுவர் கிடையாது." குரலில் புகார் இல்லை. விலாசம் சொல்வதுபோலச் சொன்னான். அவர்களுக்காகவும் ஓர் ஊதுபத்தி ஏற்றினோம், மகளும் அவனும் நானும்.

பிறகு மேசையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு வைத்தார்கள். தொட்டுக்கொள்ள வேர்க்கடலை, எள், உப்பு சேர்த்த பொடி. சுரங்கத்தில் இதுதான் உணவு என்பதால் வருகிற எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். நான் கிழங்கு உண்பதில்லை. மண்ணைக் கிளறிப் பிடுங்கினால் அதைச் சுற்றியுள்ள உயிர்கள் மடியும், கிழங்குக்குள்ளும் எண்ணற்ற உயிர்கள் உண்டு என்பது காரணம். தம்பி பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். "என் பாட்டி இதைத் தின்றுதான் உயிரோடு இருந்தார்" என்றான். நான் பொடியை மட்டும் எடுத்துக்கொண்டேன். என் நோன்பை அவன் பாட்டியின்மேல் ஏற்ற எனக்கு உரிமை இல்லை. வேறு உணவு கிடைக்கிறவர்கள் தாமே விரும்பி ஏற்கும் நோன்பு அது. சமையல் புகை வெளியே தெரியாமலிருக்க, ஹுவாங் காம் என்ற படைச் சமையல்காரர் கண்டுபிடித்த அடுப்பு ஒன்றையும் அங்கே காட்டுகிறார்கள். புகையைப் பல வாய்க்கால்கள் வழியாக மண்ணுக்குள்ளேயே பரவவிட்டு, விடியற்காலைப் பனியோடு பனியாக வெளியேற்றும் அமைப்பு. ஒரு வேளைக் கிழங்கு அவிக்க இத்தனை பாடு.

இதற்கிடையில் காது பிளக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. துப்பாக்கி சுடும் திடல். ஏகே-47, எம்-16 எல்லாம் உண்டு, தோட்டா கணக்கில் காசு. வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். சுட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். பெயர்ச்சுவர் உள்ள கோயில் இருக்கும் அதே வளாகத்தில் இது. அந்த நாளில் என் மனம் ஏற்காத ஒரே காட்சி இதுதான். தோண்டியவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது, துளைக்குள் அனுப்பப்பட்டவனுக்கு ஒரு கட்டாயம் இருந்தது. இங்கே நிற்கிறவர்களுக்கு இரண்டும் இல்லை.

தெற்கே மீ தோ வரை நீண்ட பயணம். அங்கிருந்து படகு. மேகாங் அங்கே அகன்று, கலங்கிய மஞ்சள் நீராக, நீர்ப்பாசித் திட்டுகளை இழுத்துக்கொண்டு போகிறது. எதிர்க்கரை பென் ட்ரே, தென்னை நாடு. 1968 பிப்ரவரியில் அந்த ஊரைக் காப்பாற்றுவதற்காக அதை அழிக்க வேண்டியதாயிற்று என்று ஓர் அமெரிக்க அதிகாரி சொன்னதாகப் பத்திரிகையாளர் பீட்டர் ஆர்னெட் எழுதினார். உலகம் முழுக்கப் பரவிய செய்தி அது. தேங்காய் மிட்டாய் செய்யும் கூடம், தேன் கலந்த தேநீர், நீர்ப்பனை நிழலில் சிறு துடுப்புப் படகு எல்லாம் வழக்கம்போல நடந்தன. தீவில் எனக்காகத் தம்பி முன்கூட்டியே 'சாய்' என்னும் புலால் இல்லாத சாப்பாடு சொல்லிவைத்திருந்தான். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் புலால் விடும் பௌத்தர்கள் அங்கே ஏராளம். கேட்டால் யாரும் வியப்பதில்லை. வெயில் இறங்குமுன்பே உண்டு முடித்தேன்.

நான் சொல்ல வந்தது பீனிக்ஸ் தீவைப் பற்றி. வியட்நாமியர் கொன் ஃபுங் என்பார்கள். நுயென் தான் நாம் என்பவர் பிரான்சுக்குப் போய் வேதியியல் படித்துத் திரும்பியவர். எல்லாவற்றையும் விட்டுத் துறவியாகி, தேங்காயும் பழமும் உண்டு, கல் பலகைமேல் அமர்ந்து தியானம் செய்தார். 'தென்னைத் துறவி' என்றே ஊர் அவரை அழைத்தது. போர் நடந்த 1960களில் இந்தத் தீவில் ஒரு வழிபாட்டுத் தலம் அமைத்தார். ஒன்பது கிளைகளாகப் பிரியும் ஆற்றுக்காக ஒன்பது டிராகன் தூண்கள். புத்தரையும் இயேசுவையும் சேர்த்து வணங்கும் நெறி. படையிலிருந்து ஓடிவந்த இளைஞர்களுக்கு இங்கே இடம் கொடுத்தார். பூனையையும் எலியையும் ஒன்றாக வளர்த்து, இவை வாழும்போது மனிதர் வாழமுடியாதா என்று காட்டினார் என்று சொல்கிறார்கள். தெற்கு அரசாங்கமும் அவரைச் சிறையில் வைத்தது, 1975க்குப் பின் வந்த அரசாங்கமும் வைத்தது. 1990இல் இறந்தார். தூண்கள் இன்று வண்ணம் மங்கி நிற்கின்றன. எங்களைத் தவிர அங்கே இருந்தவர்கள் அவசரமாகப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கூ சிக்கு எதிர்வாதமாக இவரை நிறுத்துவது எளிது, நான் நிறுத்தமாட்டேன். எல்லாரும் தீவில் உட்கார்ந்திருந்தால் பென் சுக் பிழைத்திருக்குமா என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் ஸ்ரீபுராணத்தில் அண்ணன் பரதனும் தம்பி பாகுபலியும் நாட்டுக்காக எதிரெதிரே நிற்கும்போது, படைகள் மடியவேண்டாம், நீங்கள் இருவர் மட்டும் போரிடுங்கள் என்று அமைச்சர்கள் தடுக்கிறார்கள். கண்ணிமைக்காமல் பார்க்கும் போர், நீர்ப்போர், மற்போர் மூன்றிலும் பாகுபலி வெல்கிறார். வென்றவர் நாட்டை அண்ணனிடமே விட்டுத் துறவு பூணுகிறார். அப்படித் தடுக்கும் அமைச்சர்கள் வாஷிங்டனில் இருக்கவில்லை. அவர்கள் இல்லாத இடத்தில் உழவர்கள் மண்ணைத் தோண்டுகிறார்கள்.

ஆனால் விரோதி ஹிம்சைக்கு இல்லறத்தாருக்குக் கிடைக்கும் சலுகை புண்ணியக் கணக்கில் சேராது. அதுவும் வினைதான், அதுவும் உயிரைப் பிணிக்கும். அதனால்தான் பிரதிக்கிரமணம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: செய்ததை நினைத்துப் பார்த்து, எல்லா உயிர்களிடமும் பொறுத்தருளக் கேட்பது. தென்னைத் துறவி ஒரு நாடு முழுவதற்குமாக அதைச் செய்துகொண்டிருந்தார் என்று நான் நினைக்கிறேன். துறவி துப்பாக்கி எடுத்தவனைத் தடுக்க முடியாமல் போகலாம். எடுத்தவன் தன் செயலைக் கொண்டாட்டமாக்கிக்கொள்ளாமல் இருக்க அவர் வேண்டும். போர் முடிந்து அரை நூற்றாண்டு ஆகிறது. வென்ற அரசாங்கம் தன் பெயர்ச்சுவருக்கு எதிரே இன்னொரு சுவர் எழுப்பி, தம்பியின் அப்பாவழித் தாத்தாவைப் போன்றவர்களின் பெயரையும் பொறிக்கவேண்டும். ஊரை எரித்த நாடு அதைவிட முன்னதாக மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும்.

நம் ஊரிலிருந்து இப்போது பலர் வியட்நாம் போகிறார்கள். நீங்கள் போனால், தனி வழிகாட்டி வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போகவேண்டும் என்று உங்களால் கேட்கமுடியும். பென் டுவொக் கேளுங்கள், பெயர்ச்சுவர் முன் சிறிது நேரம் நில்லுங்கள். கழிமுகத்தில் கொன் ஃபுங் தீவை விட்டுவிடாதீர்கள். கிழங்கு உண்பவர்கள் அந்தக் கிழங்கை உண்ணுங்கள். சுடும் திடலுக்கு மட்டும் போகாதீர்கள், உங்கள் பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள்.