பாறு செய்யும் வேலை
பாறு கழுகை எப்பவுமே 'இயற்கையின் துப்புரவாளர்' என்றுதான் அறிமுகப்படுத்துகிறோம். கிட்டத்தட்ட ஒரு உத்தியோகப் பெயர். மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. இந்தியாவில் மூன்று பாறு இனங்களில் 95 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. காரணம் 2004இல்தான் வெளிவந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. அதற்குள் சடலங்கள் நாய்களுக்குப் போயின, தண்ணீரில் அழுகின. 2000க்கும் 2005க்கும் இடையில் இதனால் கூடுதலாக 5 லட்சம் மனிதர்கள் இறந்திருக்கலாம் என்று பொருளியலாளர்கள் இருவர் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு அரசை அசைக்க உதவும், மறுக்கல. ஆனா எனக்கு ஒரு உறுத்தல். சாஃப்ட்வேரில் ஒரு மாட்யூலைத் தூக்கிவிட்டு, அதே வேலையைச் செய்யும் வேறொன்றை வைத்தால் யாரும் துக்கம் கொண்டாடுவதில்லை. நாளைக்கே ஊருக்கு ஊர் மாட்டுச் சடலத்தை எரிக்க உலை வந்துவிட்டால், மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகளைக் கைவிட்டுடலாமா? 'விடலாம்' என்று சொல்ல வாய் வரலன்னா, அந்தத் தயக்கம் எங்கிருந்து வருது? உணவு வலைப் படத்தில் அதற்கு இடமில்லை.

பாறு எதையும் சுத்தம் செய்யக் கிளம்புவதில்லை. பசிக்குது, இறங்கிச் சாப்பிடுது. வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கின்றன.