குணமானவனின் சாட்சியம்

நோயைப் பற்றிப் பேசும்போது தமிழில் ஓர் அழகான வினைச்சொல் வந்துவிடுகிறது: கேட்பது. ‘எந்த மருந்துக்கும் கேக்கல’ என்கிறோம். ‘அந்த வைத்தியருக்குத்தான் கேட்டுச்சு’ என்கிறோம். நோய் அடம்பிடிக்கும் பிள்ளை, மருந்து அதை அதட்டும் குரல். ஒரு குரல் அதட்டி பிள்ளை அடங்கினால் சிக்கலில்லை. ஐந்து பேர் ஒரே நேரத்தில் அதட்டி, பிள்ளையும் அடங்கிவிட்டால்? யார் சொல்லுக்குக் கேட்டது? ஒருவேளை பிள்ளை தானாகவே அழுது ஓய்ந்திருந்தால்?

எனக்கு இந்தக் கேள்வி முப்பத்திரண்டு வயதில், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட இரண்டு விரற்கடை இடத்தில் வந்து சேர்ந்தது.

வலி என்று மட்டும் சொன்னால் முழுதும் சொன்னதாகாது. சில நாள் மந்தமான கடுப்பு. சில நாள் கோலிக்குண்டின் மேல் உட்கார்ந்திருப்பதுபோல ஓர் உறுத்தல். ஒரு மணிநேர மீட்டிங்கில் இரண்டு முறை எழுந்து பாத்ரூம் போகவேண்டும்; போனால் நாலு சொட்டு. விந்து வெளியேறிய பிறகு அரைநாள் எரிச்சல். யூராலஜிஸ்ட் பரிசோதித்தார். சிறுநீர்க் கல்ச்சர், ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. எதிலும் ஒன்றுமில்லை. ‘எல்லாம் நார்மல்’ என்ற சொல்லைக் கேட்டு மனம் சோர்ந்துபோகும் நோயாளிகள் ஒரு தனி இனம். அந்த இனத்தில் நானும் சேர்ந்தேன்.

இந்த நோய்க்குப் பெயர் இருக்கிறது: நாள்பட்ட புராஸ்டேட் அழற்சி / நாள்பட்ட இடுப்புக்குழி வலி. புராஸ்டேட் என்றாலே தாத்தாக்களின் சமாச்சாரம் என்று நம் ஊரில் நினைப்பு. இது இருபதுகளிலும் முப்பதுகளிலும் தாராளமாக வரும். 1995இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் பட்டறை, புராஸ்டேட் அழற்சியை நான்கு வகையாகப் பிரித்தது. முதல் இரண்டுக்கும் காரணம் பாக்டீரியா. நான்காவதற்கு அறிகுறியே கிடையாது. மிச்சமிருக்கும் மூன்றாவதில்தான் பெரும்பாலானவர்கள் வந்து விழுகிறார்கள். கிருமி கிடைக்காது, வலி மட்டும் மாதக்கணக்கில் இருக்கும். அது இல்லை, இது இல்லை என்று கழித்துக் கழித்து வந்தடைகிற பெயர் இது. இந்த வலியில் புராஸ்டேட்டுக்கு உண்மையிலேயே எவ்வளவு பங்கு என்பது உறுதியில்லாததால், பெயரின் நடுவிலேயே ஒரு சாய்கோடு கிடக்கிறது.

காரணம் தெரியாத நோயைச் சுற்றி எப்போதும் ஒரு சந்தை கூடும். இடுப்புக்குக் கீழே என்றால் சொல்லவே வேண்டாம். பேருந்து நிலையத் தூண்களிலும் கட்டணக் கழிப்பறைச் சுவர்களிலும் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களுக்கு ஆணின் எல்லா உபாதையும் ஒன்றுதான்: சின்ன வயதுப் பழக்கம், விந்து நஷ்டம், ஆண்மைக்குறைவு. மாதத்தில் இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் தங்கியிருப்பார். வலியோடு போகிறவன் கூடவே குற்றவுணர்வையும் வாங்கிவருவான்.

2

நான் ஐந்தைச் சேர்த்துச் செய்தேன். யூராலஜிஸ்ட் எழுதிக்கொடுத்த மாத்திரை. சித்த மருத்துவர் ஒருவர் கொடுத்த நெருஞ்சில் சேர்ந்த கஷாயம், கூடவே புளியும் காரமும் விலக்கிய பத்தியம். வாரம் இருமுறை அக்குபங்சர். இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தும் பிசியோதெரபி. இரவில் அரைமணி மூச்சுப் பயிற்சி. இந்த நோயை அளக்க 13 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு; மிக மோசமான நிலைக்கு 43 மதிப்பெண். ஆரம்பத்தில் என் எண் 27. ஐந்து மாதம் கழித்து 9.

என் தொழிலில் இதைவிட மோசமான வேலைமுறை கிடையாது. ஒரு பக்கைத் தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். ஐந்து ஃபைலை ஒரே கமிட்டில் மாற்றிவிட்டு ‘இப்ப ஓடுது’ என்று வந்து நிற்பவனை யாரும் மெச்சமாட்டார்கள். இதற்குத் தத்துவத்தில் ஒரு பாட்டன் உண்டு. ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட தர்க்க நூலில் ‘வேறுபாட்டு முறை’ என்ற ஒன்றைச் சொல்கிறார். இரண்டு சூழல்கள் ஒன்றே ஒன்றில் மட்டும் மாறுபட்டு, விளைவும் மாறுபட்டால், அந்த ஒன்றுக்கும் விளைவுக்கும் காரண உறவு இருக்கிறது. எளிமையான, கறாரான விதி.

ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்குபங்சரோ பிசியோதெரபியோ, பலன் தெரிய எட்டிலிருந்து பத்து வாரம் ஆகும். ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஐம்பது வாரம். ஏறக்குறைய ஒரு வருடம் ஒருவன் மில்லுக்கு விசுவாசமாக இருந்து கோலிக்குண்டின் மேல் உட்கார வேண்டும். வலியில் இருப்பவனிடம் போய் ‘நீ நல்ல பரிசோதனையாக இரு’ என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. உடம்பு அவனுடையது, நாட்களும் அவனுடையவை.

ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் நாங்களும் அப்படித்தான். தெரிந்த எல்லாவற்றையும் செய்து முதலில் அதை எழுப்பிவிடுவோம். மறுநாள் அறிக்கை எழுதும்போது மட்டும் ஒரு ஒழுக்கம் உண்டு: மூலகாரணம் தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்றே எழுத வேண்டும். எழுப்பியதால் காரணம் தெரிந்துவிட்டதாக ஆகாது.

என் நிலைப்பாடும் இதுதான். பலவற்றைச் சேர்த்துச் செய்வது தவறே அல்ல. அதற்கு ஒரு விலை உண்டு, அவ்வளவுதான். ‘இதுதான் என்னைக் குணமாக்கியது’ என்று சொல்லும் உரிமையே அந்த விலை.

3

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ‘எது?’ என்ற கேள்வியே தப்பாக இருந்தால்? ஐந்தும் சேர்ந்துதான் மருந்து என்றால்?

நம் மரபுக்கு இது பழகிய எண்ணம். திரிகடுகத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தே இருக்கும். மஞ்சளோடு மிளகு சேர்வதற்குப் பின்னால் இருக்கும் வேதியியலை 1998இல் வெளியான ஓர் ஆய்வு அளந்தது. மஞ்சளின் குர்குமினை உடம்பு சரியாக உறிஞ்சுவதில்லை. மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு கூடுகிறது. இங்கே மஞ்சளா மிளகா என்று கேட்பதில் பொருளில்லை. இரண்டு த்ரெட்கள் ஒரே கணத்தில் மோதும்போது மட்டும் வெளிப்படும் பக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதால் அவை ஒருநாளும் பிடிபடாது. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர், ராதம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் உரச் சோதனைகளைத் திட்டமிட்டவர், பல காரணிகளை ஒரே சோதனையில் சேர்த்து மாற்ற வேண்டும் என்று வாதாடினார்.

நவீன மருத்துவமும் இந்த நோயில் அங்கேதான் வந்து நிற்கிறது. 2009வாக்கில் ஷோஸ்கெஸ், நிக்கல் என்ற இரு சிறுநீரக மருத்துவர்களும் அவர்கள் குழுவும் நோயாளியை ஆறு தளங்களில் பிரித்துப் பார்க்கும் முறையை முன்வைத்தார்கள்: சிறுநீர், மனநிலை, புராஸ்டேட், தொற்று, நரம்பு, தசை இறுக்கம். யாருக்கு எந்தத் தளங்களில் கோளாறோ, அத்தனைக்கும் சேர்த்து சிகிச்சை. 2010இல் வெளியான 100 பேர் கொண்ட ஆய்வில் 84 சதவீதம் பேருக்கு அந்த 43 மதிப்பெண் அளவுகோலில் குறைந்தது ஆறு புள்ளி இறங்கியது.

ஆக, கலவை என்பது மூடத்தனம் அல்ல. ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. ஃபிஷரும் எல்லாவற்றையும் ஒரே நிலத்தில் கொட்டிவிட்டு விளைச்சலைப் பார்க்கச் சொல்லவில்லை. சில பாத்திகளில் இது, சில பாத்திகளில் அது, சிலவற்றில் இரண்டும், சிலவற்றில் எதுவுமில்லை என்று போடச் சொன்னார். எனக்கு இருப்பது ஒரே ஒரு பாத்தி. ‘எல்லாம் சேர்ந்துதான் வேலை செஞ்சுது’ என்பது அடக்கமான பதில்போலத் தோன்றும். உண்மையில் அதுவும் ஒரு காரணத்தைக் கோருவதே. ஐந்தில் இரண்டு வெறுமனே கூட நடந்து வந்திருக்கலாம்.

4

ஒன்றை மட்டும் செய்து குணமானவன் நிலை மேல் என்று நினைக்கிறீர்களா? மலேசியாவின் பினாங்கில் நடந்து 2008இல் வெளியான அக்குபங்சர் ஆய்வு ஒன்று உண்டு. பத்து வாரம், 20 அமர்வு. உண்மையான புள்ளிகளில் ஊசி குத்திக்கொண்ட 44 பேரில் 32 பேருக்குப் பலன். அதாவது 73 சதவீதம். போலிப் புள்ளிகளில் குத்திக்கொண்ட 45 பேரில் 21 பேருக்குப் பலன், 47 சதவீதம். அக்குபங்சருக்கு இது நல்ல செய்தி. 2021இல் சீனாவில் 440 பேரை வைத்து வெளியான பெரிய ஆய்வும் இதே திசையில்தான் சொல்கிறது.

இப்போது அந்த 32 பேரில் ஒருவரை நிறுத்தி, ‘ஊசியாலதான் சரியாச்சா?’ என்று கேளுங்கள். அவர் சத்தியம் பண்ணுவார். அவர் மாதிரி நூறு பேரில் 73 பேர் தேறியிருப்பார்கள். எங்கே குத்தினாலும் அவர்களில் ஏறத்தாழ 47 பேர் தேறியிருப்பார்கள். தான் அந்த 47இல் ஒருவரா, மிச்சம் 26இல் ஒருவரா என்பது அவருக்கே தெரியாது. அவர் உடம்புக்குள் போய்ப் பார்த்தாலும் தெரியாது. குழுவுக்கு விடை இருக்கிறது, ஆளுக்கு இல்லை.

ஆங்கில மருந்தின் கதையும் வேறல்ல. அல்ஃபுசோசின் என்ற மாத்திரையை 272 பேரிடம் சோதித்த முடிவும் 2008இல்தான் வந்தது. மாத்திரை தின்றவர்களில் 49.3 சதவீதம் பேருக்குப் பலன். வெற்று மாத்திரை தின்றவர்களிலும் 49.3 சதவீதம். தசமப் புள்ளி வரை ஒன்று. பாதிப்பேர் வெறும் மாவுக்கே தேறுகிறார்கள் என்று சிரிக்க வேண்டாம். இந்த நோய் ஏறி இறங்கும் இயல்புடையது. யாரும் நன்றாக இருக்கும் வாரத்தில் மருத்துவரைத் தேடிப் போவதில்லை. உச்சத்தில் இருக்கும்போதுதான் போவார்கள். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தானே? ஊரில் பல ‘கைராசி’ டாக்டர்களின் கைராசியில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

ஆகவே என் பட்டியலில் ஆறாவதாகக் காலத்தையும், ஏழாவதாக ‘ஒருவர் என்னை உட்காரவைத்து முக்கால்மணி நேரம் கேட்டார்’ என்பதையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் யாரும் பில் போடவில்லை.

5

இதெல்லாம் சும்மா அறிவுக் கணக்காக இருந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன். அலுவலகத்தில் என்னைவிட எட்டு வருடம் சின்னவன் ஒருவன், டீக்கடையில் எல்லோரும் போகும்வரை காத்திருந்து கேட்டான்: “அண்ணா, எனக்கும் அதே மாதிரிதான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எதுல சரியாச்சு?”

அவன் கையிலிருப்பது ஒரு சம்பளம், ஒரு பயம். நான் ‘கஷாயம்’ என்றால் கஷாயத்துக்குப் போவான். ‘ஊசி’ என்றால் ஊசி. சாட்சி சொல்வது அடுத்தவன் பணத்தையும் மாதங்களையும் செலவழிக்கும் செயல். நீதிமன்றத்தில் பார்த்ததை மட்டும் சொல், ஊகித்ததைச் சொல்லாதே என்பார்கள். நான் பார்த்தது வரிசையைத்தான்: இதைச் செய்தேன், பிறகு குறைந்தது. காரணத்தை நான் பார்க்கவில்லை.

அவனிடம் முழுப் பட்டியலையும் சொன்னேன். மருந்து, பத்தியம், ஊசி, பிசியோ, மூச்சு. ஐந்து மாதம் ஆனது. நடுவில் மூன்று வாரம் மறுபடி ஏறியது. அதே மாதங்களில் பத்து மணிநேர நாற்காலியை விட்டு நின்றுகொண்டு வேலை பார்த்தேன். எது என்று தெரியாது. முதலில் யூராலஜிஸ்டைப் பார், தொற்றும் மற்ற ஆபத்துகளும் இல்லை என்று உறுதிசெய். அவன் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது. ஒற்றைச் சொல்லைக் கேட்டவனுக்கு ஒரு தாளைக் கொடுத்தால் அப்படித்தான் இருக்கும்.

நன்றி வேறு, சாட்சி வேறு. நன்றியை ஐவருக்கும் தாராளமாகச் சொல்லலாம்; அதற்கு ஆதாரம் தேவையில்லை. நெருஞ்சில் என் வலியைத் தொட்டதோ இல்லையோ, அதைக் கொடுத்த மனிதர் என்னை அவமானப்படுத்தாமல் பேசினார். ஆனால் நன்றியைச் சாட்சியாக மாற்றி இன்னொருவன் கையில் கொடுக்கும்போது அது விளம்பரமாகிவிடுகிறது. ‘குணமானவர்கள் பேசுகிறார்கள்’ என்று டிவியில் வருபவர்களில் பலர் பொய் சொல்வதில்லை. குணமாகாதவர்களை யாரும் ஸ்டூடியோவுக்குக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு கடமையும் உண்டு. ஐந்து பேரிடம் போகிறவனின் முழுச் சித்திரம் அந்த ஐவரில் யாரிடமும் இருக்காது. மஞ்சளைக் கூட்டித் தரும் அதே மிளகுச் சத்து, வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின் போன்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் கூட்டும். பாஸ்டன் வட்டாரத்தின் தெற்காசிய மளிகைக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்த 2004ஆம் ஆண்டு ஆய்வில், 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. டாக்டரிடம் கஷாயத்தை மறைப்பதும் வைத்தியரிடம் மாத்திரையை மறைப்பதும் நம் ஊரில் ஒருவகை மரியாதையாகவே நடக்கிறது, ‘சொன்னா கோச்சுக்குவாரு’. கோபித்துக்கொள்ளட்டும்.

வள்ளுவர் மருந்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். ஆண்களின் இந்த நோயில் பெரும்பாலும் நான்காமவர் இருப்பதில்லை. அம்மாவிடம் சொல்ல முடியாது, மனைவியிடம் சொன்னால் வேறாகப் புரிந்துகொள்வாளோ என்ற தயக்கம், நண்பர்களிடம் சொன்னால் வாட்ஸப் ஜோக். வெட்கத்தால் பட்டியல் எங்கேயும் எழுதப்படாமல் அவரவர் தலைக்குள்ளேயே கிடக்கிறது. குணமானவன் வெளியே சொல்லும்போது அதில் ஒரு வரி மட்டும் மிஞ்சுகிறது. அந்த ஒரு வரியை வைத்துத்தான் அடுத்தவன் கிளம்புகிறான்.

வலி போனவனுக்கு வலியோடு இருப்பவன் மேல் ஒரு கடன் உண்டு என்று நினைக்கிறேன். எல்லா வரிகளையும், கூடவே ‘எது என்று தெரியாது’ என்ற கடைசி வரியையும் கொடுத்தால் அந்தக் கடன் தீரும். கேட்பவனுக்கு அது குறைவாகத் தெரியலாம். என்னிடம் உண்மையாக இருப்பது அவ்வளவுதான்.