அடுக்களையில் நிற்கும் காவலர்



ஜவ்வாது மலையின் சாமையும் புளியும் தேனும் அடிவாரத்து ஊர்களுக்கு வந்த வண்ணம் உள்ளன. போளூர், ஆரணிப் பக்கத்து நம் குடும்பங்கள் முன்னிரண்டையும் மகிழ்ந்து வாங்குகின்றன. தேன் மட்டும் நம் வீட்டுப் படியேறலாகாது. கள், ஊன், தேன் இம்மூன்றையும் விலக்குதலை இல்லறத்தாரின் மூலகுணங்களுள் வைத்தார் சமந்தபத்திர ஆசாரியர். இஃது அறியாதார் நம்முள் இலர்.

ஆயினும் தேன் இப்பொழுது தேனாக வருவதில்லை. இலேகியமாக வருகிறது, பிஸ்கட்டாக வருகிறது. "பச்சைப் புள்ளி இருக்கிறதே, பாட்டி!" என்கின்றனர் பேரப்பிள்ளைகள். அப்புள்ளி நமக்காக இடப்பட்டதன்று. 2020ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிகள் அசைவத்தை வரையறுக்கும்போது பால், தேன், தேன்மெழுகு ஆகியவற்றை அதனின்று நீக்கியே வைத்துள்ளன. எனவே தேன் கலந்த பண்டமும் பச்சைப் புள்ளியோடு விற்கப்படும். வெங்காயமும் கிழங்கும் சேர்ந்ததும் அவ்வாறே. அரசைக் குறை கூறுவதற்கில்லை. நம் விரதத்தை நாமன்றோ காத்தல் வேண்டும்?

இவ்விடத்தில் யூத சமயத்தாரின் ஏற்பாடு ஒன்று நினைக்கத்தக்கது. அவர்கள் ஊன் உண்போர். உயிர்க்கொலையை முற்றும் விலக்காதோர். அவ்வளவில் அவர்கள் நெறி வேறு, நம் நெறி வேறு. ஆனால் உண்ணத்தக்கது, தகாதது என்ற பிரிவை அவர்கள் காக்கும் முறையில் கற்பதற்குரியது உண்டு. தக்க உணவை அவர்கள் 'கோஷர்' என்பர். உணவு விடுதியிலும் ஆலையிலும் அதனைக் கண்காணிப்பவர் 'மஷ்கியாக்' எனப்படுவார். சிலர் வேலை நடக்கும் நேரமெல்லாம் உடனிருப்பர். சிலர் முன்னறிவிப்பின்றி வந்து போவர். வரும் சரக்கின் முத்திரையைப் பார்ப்பதும், மாவைச் சலிப்பிப்பதும், கீரையை இலை இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் புழு தேடுவதும் அவர் தொழில். பல இடங்களில் அடுப்பைப் பற்றவைப்பவரும் அவரே. முழுப் பூச்சி ஒன்று உணவில் கலந்தால், ஆயிரம் பங்கில் ஒரு பங்கேயாயினும் அஃது அற்பமென்று தள்ளப்படாது என்பது அவர்கள் விதி. இதைக் கேட்கையில் நம் பாட்டிமார் முறமும் சல்லடையும் நினைவுக்கு வரவில்லையா?

வேறுபாடும் சுவையானது. தேனீயை உண்ணலாகாது என்னும் அவர்கள், தேன் அதன் உடலில் ஊறுவதன்று, பூவினின்று கொணர்ந்து வைப்பதே என்று கூறித் தேனை ஏற்றனர். நாமோ தேன் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்பதில்லை. அதனை எடுக்கையில் யாருக்கு என்ன நேர்ந்தது என்றும் கேட்கிறோம். மலைத்தேன் எடுப்போர் மூட்டும் புகையில் கூட்டிலுள்ள குஞ்சுகள் படும் பாட்டை எண்ணுக. அத்திப்பழத்தை அவர்கள் பிளந்து பார்த்துப் பூச்சியில்லையேல் உண்பர். நம் ஆசாரியர் பலரோ அத்தி, ஆல், அரசு முதலிய ஐவகைப் பழங்களையும் அடியோடு விலக்கினர். பெட்டியில் வளர்க்கும் தேனீயின் தேனில் கொலையில்லை என்று வாதிடுவோர் இன்று உளர். தேனீ தன் குஞ்சுக்குச் சேர்த்ததை நாம் கொள்வது எவ்வகையில் அறமாகும் என்பதற்கு அவர்கள் விடை கூறட்டும்.

கொங்கண நாட்டில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த யூதர் இருந்தனர். சனிக்கிழமை செக்கோட்டாமையால் 'சனிவார் தேலி' என்று ஊரார் அழைத்தனர். அவர்களைக் காணவந்த பெரியவர் ஒருவர், இவர் யூதரே தாமா என்று தெளிய விரும்பிப் பெண்களிடம் பலவகை மீன்களைக் கொடுத்தாராம். செதிலும் துடுப்பும் இல்லாதவற்றை அப்பெண்கள் தாமே ஒதுக்கி வைத்தனராம். இஃது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. மீன் கதை நமக்கு ஒவ்வாததுதான். ஆயினும் நூலும் குருவும் எட்டாத இடத்தில் நெறியைக் காத்தவர் அடுக்களைப் பெண்டிர் என்பதற்காகக் கூறினோம். சென்ற நூற்றாண்டில் நியூயார்க்கில் வாழ்ந்த மோஷே ஃபைன்ஸ்டைன் என்னும் பெருங்குரு, கண்காணிப்பாளராயிருந்த கணவர் இறந்தபின் அவர் மனைவி அப்பணியை ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தார்.

நம்மிடமும் இப்பதவி உண்டு, பெயர்தான் இல்லை. நம் முனிவர்க்கு ஆகாரம் அளிக்கும் இல்லறத்தார், தம் மனமும் சொல்லும் உடலும், உணவும் நீரும் தூயன என்று அவர் முன்னின்று உரைக்கின்றனர். முனிவர் அடுக்களையை ஆராய்வதில்லை. அச்சொல்லை நம்பிக் கை ஏந்துகிறார். உணவில் ஒரு மயிரோ இறந்த எறும்போ தென்படின் அன்று ஆகாரம் நின்றுபோகும். நம் சொல்லுக்கு எத்துணை எடை பாருங்கள்.

இன்றோ திருவிழாப் பந்திக்கும் திருமணத்திற்கும் சமையல் ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுகிறோம். "வெங்காயம், பூண்டு போடவில்லை அம்மா" என்று அவர் சொன்னால் போதுமென்றிருக்கிறோம். சாமையைப் புடைத்தாரா? நீரை வடித்தாரா? வடிதுணியில் தங்கிய உயிர்களை அதே நீர்நிலையில் விட்டாரா? அவர் கெட்டவரல்லர்; இவை அவருக்குத் தெரியா.

ஆகவே ஊர்தோறும் விரதமுடைய சிராவகி ஒருவரைப் பந்தி நாளில் அடுக்களைக்கு அமர்த்துதல் வேண்டும். சரக்கு இறங்கும்போதே அவர் இருத்தல் வேண்டும். காலிபிளவரைத் திருப்பி அனுப்பவும், பாகில் தேன் இல்லை என்பதைப் பொட்டலத்தின் பின்புறச் சிற்றெழுத்தைப் படித்து உறுதி செய்யவும் அவருக்கு அதிகாரம் வேண்டும். ஊதியம் கொடுப்பதாயின் கோயில் நிதியிலிருந்து கொடுக்கலாம். ஒப்பந்தக்காரர் கையினின்று வாங்குபவர் அவரையே கண்காணித்தல் அரிது. கதிரவன் மறையுமுன் கடைசிப் பந்தி எழும்படி உலை வைக்கும் நேரத்தைக் குறிப்பதும் அவர் பொறுப்பேயாகுக.