பூசணமும் பொறுப்பும்

மழைக்காலம் பிறந்துவிட்டால் வடநாட்டு நகரங்களில் நம் குடியிருப்புகளில் பூசணம் படியாத பொருள் அரிது. ஊரிலிருந்து வந்த ஊறுகாய்ச் சாடியின் விளிம்பில் அது வெண்மையாய்ப் படர்கிறது. பெட்டியின் அடியில் பேணி வைத்த பட்டுப்புடைவையில் புள்ளியிடுகிறது. புத்தக அட்டையைப் பச்சையாக்குகிறது. நாமும் வெறுப்போடு துடைத்தெறிகிறோம். 'பூசணம் பிடித்த' என்னும் அடையே நம் பேச்சில் இகழ்ச்சிச் சொல்லாகிவிட்டது. ஆயினும் இங்கு ஒரு கேள்வியை எழுப்பிப் பார்த்தல் தகும். நமக்குத் தீங்கு செய்வதெல்லாம் தீயதுதானா? தீமை என்பது பொருளின் இயல்பில் உள்ளதா, அன்றிச் செய்பவனின் நெஞ்சில் உள்ளதா?

பூசணமும் காளானும் பூஞ்சை என்னும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. நெடுங்காலம் இவற்றைத் தாவரங்களோடு சேர்த்தே எண்ணினர். 1969ஆம் ஆண்டில் விட்டேக்கர் என்னும் அமெரிக்க அறிஞர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பகுத்தபோது இவற்றுக்கெனத் தனியுலகம் வகுத்தார். இவற்றுக்குப் பச்சையம் இல்லை. ஆதலின் கதிரொளி கொண்டு உணவு ஆக்கிக்கொள்ள இயலாது. இவற்றின் செல்சுவரில் உள்ள கைட்டின், வண்டின் ஓட்டிலும் இறாலின் ஓட்டிலும் உள்ள அதே பொருள். மரபுவழியை ஆராய்ந்தால், இவை செடியினும் விலங்குக்கே நெருங்கிய உறவு. நாம் உண்டபின் செரிக்கிறோம். பூஞ்சையோ செரித்தபின் உண்கிறது. நுண்ணிய இழைகளை உணவுப்பொருளினுள் செலுத்தி, நொதிகளைச் சுரந்து கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. மழைக்குப்பின் முளைக்கும் குடை, மண்ணுள் மறைந்து கிடக்கும் அவ்விழைவலையின் கனி போன்றதே.

இக்குலம் ஆற்றும் தொண்டு சிறிதன்று. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் எளிதில் மட்காத பொருள். அதனைச் சிதைப்பதில் முதலிடம் வகிப்பவை ஒருசார் காளான்கள். அவை இல்லையெனின் வீழ்ந்த மரங்கள் வீழ்ந்தபடியே குவிந்து, மண்ணுக்குத் திரும்பவேண்டிய சத்தெல்லாம் கட்டைக்குள் பூட்டுண்டு கிடக்கும். புதிய விதைக்கு உணவிராது. வேரோடு கூடிவாழும் பூஞ்சைகளும் உள. இக்கூட்டுறவுக்கு 1885இல் ஃபிராங்க் என்னும் ஜெர்மானிய அறிஞர் பெயரிட்டார். நிலத்துத் தாவரங்களுள் நூற்றுக்கு எண்பதளவு இத்தகைய துணையோடு வாழ்வதாகக் கணிப்பர். 1928இல் ஃபிளெமிங் கண்ட பென்சிலின் ஒரு பூசணத்தின் சுரப்பு என்பதை நாம் அறிவோம். நம் நாட்டிலும் அம்மருந்தை ஆக்குதற்கென்றே 1954இல் புனேயை அடுத்த பிம்ப்ரியில் அரசுத் தொழிற்சாலை நிறுவப்பெற்றது.

இவ்வளவும் கேட்டதும் பூஞ்சையை வள்ளல் எனப் புகழத் தோன்றும். அப்புகழ்ச்சியும், நாம் முன்பு காட்டிய வெறுப்பைப் போலவே, பொருந்தாது. அது நம்மைக் காக்கவென்று மருந்து சுரக்கவில்லை. மரத்தின் மீது இரங்கி வேருக்கு நீர் சேர்க்கவுமில்லை. கொடுத்ததற்கு ஈடாகச் சர்க்கரையைப் பெற்றுக்கொள்கிறது. உள்ளமில்லாததற்கு நன்றியும் வேண்டா, பழியும் வேண்டா. அறத்தின் கணக்கில் அதற்கு ஏடே இல்லை.

அவ்வாறாயின் அந்த ஏடு யாருக்கு உரியது? இரண்டு வரலாறுகளை எண்ணிப் பார்ப்போம்.

இலங்கையில் 1869இல் காப்பிச் செடியைத் துரு நோய் பற்றியது. அதுவும் ஒரு பூஞ்சையே. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் காப்பித்தொழில் நிலைகுலைந்தது. மலைகளெங்கும் தேயிலை பரவியது. காப்பிக்கு ஆள் வேண்டுவது பெரும்பாலும் பறிக்கும் பருவத்தில். தமிழகத்திலிருந்து சென்றோர் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும். எனவே, அவர்கள் குடும்பத்தோடு அங்கேயே தங்கலாயினர். இதுவரை நடந்ததில் பூஞ்சைக்குப் பங்குண்டு. ஆனால் 1948இல் அவர்களுள் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கியது எந்தப் பூஞ்சை? அது சட்டமன்றத்தில் மனிதர் கை உயர்த்தி நிறைவேற்றிய சட்டம். பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்தும், குடிமக்கள் என்னும் உரிமை குறையாது வாழும் நாம் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

மற்றொன்று வங்கத்தில் நிகழ்ந்தது. 1942இல் அங்கு நெற்பயிரைப் பழுப்புப் புள்ளி நோய் தாக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் புயல் மேதினிப்பூர்ப் பகுதியை அழித்தது. 1943இல் பெரும் பஞ்சம். மாண்டோர் 15 இலட்சம் என்று விசாரணைக் குழு கணித்தது. 30 இலட்சம் வரை இருக்கும் என்போரும் உளர். நெல் ஆய்வறிஞர் எஸ்.ஒய். பத்மநாபன் 1973இல் எழுதிய கட்டுரையில் பயிர்நோயையே பெருங்காரணமாகக் காட்டினார். அமர்த்திய சென் 1981இல் வெளியிட்ட நூலில் வேறொரு கணக்கை முன்வைத்தார்: 1943இல் வங்கத்தில் இருந்த அரிசி, முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட நூற்றுக்கு 5 அளவே குறைவு, பஞ்சமில்லாத 1941ஐவிட மிகுதி. இக்கணக்கைப் பற்றி அறிஞரிடையே வாதம் உண்டு. ஆயினும், சில செய்திகளில் ஐயமில்லை. ஜப்பானியர் கைக்குச் சேரலாகாதென்று கரையோர மாவட்டங்களில் படகுகளை அப்புறப்படுத்தியவர் ஆட்சியாளர். போர்க்காலத் தொழில்களில் இருந்தோர்க்குக் கல்கத்தாவில் அரிசி கிடைக்க வழிசெய்து, நாட்டுப்புறத்து உழவுக்கூலியையும் மீனவரையும் கைவிட்டவரும் அவரே. கதிரைக் கெடுத்தது பூஞ்சை எனக் கொள்வோம். இருந்த சோற்றில் யாருக்குப் பங்கு, யாருக்கு இல்லை என்று வரையறுத்தது பூஞ்சையன்று.

எனினும் ஏடுகளில் எவ்வாறு எழுதுகிறோம்? 'பஞ்சம் ஏற்பட்டது', 'குடியுரிமை அற்றுப்போயிற்று' என்றே எழுதுகிறோம். செய்தவனைச் சொல்லாத இத்தகைய வாக்கியங்கள் நம்முள் அலுவலகங்களில் எழுதுகோல் பிடிப்போர்க்கு நன்கு பழகியவை. 'காலதாமதம் நேர்ந்தது', 'கோப்பு காணாமற்போயிற்று', 'ஓய்வூதியம் நின்றுபோயிற்று' என்று எழுதுங்கால், மழை பெய்தது போலவும் பூசணம் படர்ந்தது போலவும் அவை நிகழ்ந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அக்கோப்பின் மறுமுனையில் ஒரு கைம்பெண் மாதந்தோறும் வங்கி வாயிலில் நின்று திரும்புகிறாள். மனிதர் செய்ததை இயற்கை செய்ததாக எழுதுவது, செய்த தீங்கை மறைப்பதோடு நில்லாமல், திருத்தும் வழியையும் அடைத்துவிடுகிறது. செய்தவர் இல்லாத செயலைத் திருத்தப்போகிறவர் யார்?

இதற்கு மறுதலையான ஒரு செய்தியும் உண்டு. கோதுமையை அழிக்கும் துரு நோய் ஆண்டுதோறும் எங்கிருந்து வருகிறது என்பது ஒருகாலத்தில் புதிராக இருந்தது. ஆக்ராக் கல்லூரிப் பேராசிரியர் கே.சி. மேத்தா பல்லாண்டு உழைத்து அதனை விடுவித்தார். சமவெளியின் கோடைவெயிலைத் தாங்காத அந்நோய், இமயச் சாரலிலும் நம் நீலகிரி, பழனி மலைகளிலும் உயிர்தாங்கியிருந்து, காற்றேறி வயல்களை அடைகிறது என்று காட்டினார். 'நோய் வந்தது' என்பதோடு நிறைவடையாமல், 'எவ்வழி வந்தது' என்று கேட்டவர் அவர். வழி தெரிந்தபின், தடுக்க முயலாதிருத்தல் தவறாகிவிடுகிறது. அறியாதவரை விதி எனப்பட்டது, அறிந்தபின் கடமையாகிறது.

பூஞ்சை தன் பசியன்றி வேறொன்றும் அறியாது. அதனிடம் அறம் கேட்பது வீண். அறியவும் தேரவும் வல்ல நம்மிடமே அது கேட்கப்படும். ஆதலின், பெரும் பஞ்சத்தின் வரலாறாயினும் ஒரு சிறு கோப்பின் குறிப்பாயினும், நடந்ததை எழுதும்போது செய்தவர் இன்னார் என்று சொல்லப் பழகுவோம். அது நம் பெயராகவே இருப்பினும் எழுதுவோம். நம் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கும் தமிழ், இத்தகைய வாக்கியங்களை அஞ்சாது எழுதவல்ல தமிழாகுக.