யார் செய்த பாவம்?



பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், இவன் இப்படிப் பிறந்ததற்கு இவனுடைய பாவம் காரணமா, பெற்றோரின் பாவமா என்று ஆண்டவரைக் கேட்டதாகவும், ஆண்டவர் இரண்டையும் மறுத்ததாகவும் அருளப்பர் தமது நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். சிறுவயது முதல் நாம் கேட்டுப் பழகிய பகுதி இது. பிரசங்கத்தில் விளக்குவதும் கடினமன்று. ஆனால், பெற்றவள் அருந்திய பானமே பிள்ளையின் குறைபாட்டுக்குக் காரணம் என்று வைத்திய சாஸ்திரம் அறுதியிட்டுச் சொல்லும் ஒரு நோயை எதிரே வைத்துக்கொண்டு இப்பகுதியை வாசித்துப் பாருங்கள். சீடர்களின் கேள்வி அவ்வளவு பேதைமையாகத் தோன்றாது.

கருவுற்றிருக்கும் பெண் மது அருந்தினால் அது தொப்புள்கொடி வழியாகச் சிசுவின் இரத்தத்திலும் கலக்கிறது. தாயின் ஈரல் அதை முறித்து வெளியேற்றும். முதிராத சிசுவின் ஈரலுக்கு அந்த வல்லமை இல்லை. 1968இல் பிரான்சின் நாந்த் நகரில் போல் லெமுவான் என்னும் குழந்தை வைத்தியரும் அவருடன் பணியாற்றியோரும், மதுவுக்கு அடிமைப்பட்ட பெற்றோரின் 127 பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். அதைப் பொருட்படுத்தியவர்கள் சிலரே. 1973இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் கெனத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்போர் இதற்கு ஒரு பெயர் கொடுத்த பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று இப்பாதிப்புகள் யாவற்றையும் சேர்த்துக் கருக்கால மதுப் பாதிப்பு என்று தமிழிற் சொல்லலாம். கள்ளோ, பியரோ, வைனோ, சாராயமோ வேற்றுமை இல்லை. இவ்வளவு குடித்தால் தீங்கில்லை என்று ஓர் அளவை எவரும் இதுவரை நிறுவவுமில்லை.

இப்பிள்ளைகளிற் சிலருக்கு முகத்திலேயே அடையாளம் இருக்கும். கண்பிளவு சிறுத்திருக்கும், மேலுதடு மெலிந்திருக்கும், மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் தட்டையாகியிருக்கும். ஆனால் முகத்தின் இந்த அமைப்பு பழுதாவது கருவின் ஆரம்பத்திற் சில நாட்களுக்குள். மூளை வளர்வதோ கர்ப்பகாலம் முழுவதும். ஆகவே மூளை காயப்பட்டும் முகத்தில் ஒரு குறையுமின்றி, பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் குழப்படிக்காரப் பிள்ளையாகத் தெரிபவர்களே பெரும்பாலோர்.

இதைப் படிப்பிக்கவென்றே கனடாவிற் கல்லூரிப் பாடங்கள் உண்டு. அல்பேட்டா மாகாணத்தின் லெத்பிரிட்ஜ் கல்லூரி, வீட்டிலிருந்தே இணையவழியாகப் படித்துச் சான்றிதழ் பெறக்கூடிய கற்கைநெறியொன்றை நடத்தி வந்திருக்கிறது. வளர்ப்புத் தாய்மார், வகுப்பறை உதவியாளர், குடும்பங்களுக்குத் துணைநிற்கும் பணியாளர் ஆகியோருக்கு ஏற்ற படிப்பு. நம் குடும்பங்களிலிருந்து கனடா சென்ற பெண்பிள்ளைகள் பலர் அங்கே பாடசாலைகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் வேலை செய்கிறார்கள். ஆகையால் வாசகரின் வீட்டிலேயே இதைப் படித்த ஒருவர் இருக்கக்கூடும்.

செய்யமாட்டேன் என்பதற்கும் செய்ய முடியாது என்பதற்கும் உள்ள வேறுபாடே இப்படிப்பின் அத்திவாரம். திங்கட்கிழமை சொல்லிக்கொடுத்த ஒழுங்கை ஒப்புவிக்கச் சொன்னால் பிள்ளை பிழையின்றி ஒப்புவிக்கும். செவ்வாய்க்கிழமை அதே ஒழுங்கை மீறும். பக்கத்திலிருப்பவனின் பென்சிலை எடுக்கும். கேட்டால் நடக்காத கதையொன்றைச் சொல்லும். நாம் அதைக் களவென்றும் பொய்யென்றும் எழுதிவைப்போம். அந்த மூளையோ, ஒரு செயலையும் அதன் விளைவையும் சேர்த்து முடிந்துவைக்கும் இடத்திலேயே பழுதாகியிருக்கிறது. நினைவில் விழுந்த வெற்றிடத்தை அகப்பட்ட எதையாவது கொண்டு நிரப்பிவிடுகிறது. நேற்றைய அடி இன்றைய செயலைத் தடுக்காது. அடியின் நோவு மட்டும் மிஞ்சும். இன்னொரு சங்கடமும் உண்டு. இவர்களிற் பலர் நன்றாகப் பேசுவார்கள். புத்திப் பரீட்சையிற் சாதாரணப் புள்ளியும் எடுப்பார்கள். கெட்டிக்காரன்தான், ஆனால் கெட்டவன் என்று ஊர் முடிவுகட்ட இது போதும்.

சாவான பாவத்துக்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பிற் படித்தோம். அறியாமை, பயம், பலவந்தம், பழக்கம் முதலியவை ஒரு செயலுக்கான பொறுப்பைக் குறைக்கலாம், சிலவேளை இல்லாமலே ஆக்கலாம் என்று 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 1735ஆம் இலக்கத்திற் கூறுகிறது. இதற்குச் சில வாசகர் ஆட்சேபம் சொல்வார்கள். இப்படியே போனால் எல்லாக் குற்றத்துக்கும் மூளையைச் சாட்டாகச் சொல்லித் தப்பலாமே, பாவம் என்ற சொல்லே வழக்கொழிந்துவிடுமே என்பார்கள். நியாயமான பயம். ஆனால் பாவம் இங்கே ஒழிந்துபோகவில்லை, ஆள் மாறுகிறது. முடியாத பிள்ளையை முடியாமைக்காக அடித்தவருக்கு, தெரியாதிருந்த காலத்தில் ஒரு சாட்டு இருந்தது. தெரிந்துகொண்ட பின்னும் பிரம்பை எடுத்தால், முழு அறிவும் முழுச் சம்மதமும் யாரிடத்தில் இருக்கின்றன? அதற்காக அந்தப் பிள்ளையை ஒரு பொறுப்புக்கும் ஆகாதவனென்று ஒதுக்குவதும் அநீதியே. அவனாலும் ஆம் என்று சொல்ல முடியும், இல்லை என்று சொல்ல முடியும். அருகில் ஒருவர் நிற்கவேண்டும், அவ்வளவே.

தாயின் காரியம் இதைவிடச் சிக்கலானது. தாய் சரியில்லை, அதுதான் பிள்ளை இப்படி என்ற தீர்ப்பு நமது கிணற்றடிகளுக்கும் புதிதல்ல. நம்மூரிற் குடிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பது வேறு கதை. கருவுற்றதே தெரியாத முதல் வாரங்களிற் குடித்தவள் இருக்கிறாள். குருமடத்தில் வெல்ல இயலாத அறியாமை என்று நாம் படித்தது இதையே. வைத்தியர் கையாலேயே மது ஏறியவர்களும் உண்டு. 1960களிலும் 1970களிலும், காலத்துக்கு முந்திய பிரசவ வலியை நிறுத்த மேல்நாட்டு வைத்தியசாலைகளில் மதுசாரத்தை நாளத்தின் வழியாக ஏற்றினார்கள். தெரிந்தும் நிறுத்த இயலாதபடி அடிமைப்பட்டவள் மூன்றாமவள். அவள்மீதுதான் நமக்குக் கோபம் வருகிறது. கருவிலிருப்பதும் மனித ஆள் என்று விசுவசிக்கும் நாம், அந்த உயிரைக் காப்பதற்காக அவளைப் பூட்டிவைத்தால் என்ன என்று கேட்கத்தான் செய்வோம்.

இக்கேள்வி நீதிமன்றம் ஏறியிருக்கிறது. 1996 ஆகஸ்டில் கனடாவின் வின்னிப்பெக் நகரில், ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தியைப் பிரசவம் வரை தடுத்துவைத்துச் சிகிச்சை அளிக்கும்படி நீதிபதியொருவர் கட்டளையிட்டார். அவள் அடிமைப்பட்டிருந்தது மதுவுக்கன்று, பசையை முகரும் பழக்கத்துக்கு. ஆயினும் கேள்வி ஒன்றே. அவளுடைய முந்திய பிள்ளைகள் மூவரில் இருவர் நிரந்தரக் குறைபாட்டுடன் பிறந்திருந்தார்கள். 1997 ஒக்ரோபரில் கனடாவின் உயர் நீதிமன்றம், நீதியரசர் எழுவர் ஒருபக்கமும் இருவர் மறுபக்கமுமாக, அப்படித் தடுத்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்த்தது. பிறவாத சிசு சட்டத்தின் கண்ணில் ஆள் அல்ல என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதைத் திருச்சபை ஏற்பதற்கில்லை, நாமும் ஏற்கவில்லை. ஆனால் அதே தீர்ப்பிற் பதிந்துள்ள சில சம்பவங்களைக் கவனியுங்கள். அவள் முதலிற் சிகிச்சைக்குத் தானே சம்மதித்திருந்தாள். கூட்டிச்செல்ல வந்த வேளையில் போதையிலிருந்ததால் மறுத்துவிட்டாள். நீதிபதியின் கட்டளை இரண்டே நாளில் இடைநிறுத்தப்பட்டது. கதவு திறந்த பின்னும் அவள் ஓடிவிடவில்லை; வைத்தியசாலை அனுப்பும்வரை தன் விருப்பத்தோடு தங்கியிருந்தாள். முகரும் பழக்கத்தையும் விட்டாள். அந்த டிசம்பரில், பார்வைக்குச் சுகமான குழந்தையொன்று பிறந்தது. தீர்ப்பு எழுதப்பட்ட வேளையில் அதை அவளே வளர்த்துக்கொண்டிருந்தாள்.

சிசுவைப் பற்றிய நம் விசுவாசத்தை இது அசைக்கவில்லை. சிசுவை அடையத் தாயைத் தவிர வேறு வழி கிடையாது என்பதையே காட்டுகிறது. பயந்தவள் கிளினிக்குக்கு வரமாட்டாள். வந்தாலும் குடித்ததைச் சொல்லமாட்டாள். அவள் வாய் திறக்காவிட்டால், முகத்தில் அடையாளமில்லாத பிள்ளைக்கு என்ன வந்தது என்று வைத்தியரும் அறியமாட்டார். 1991இல் சியாற்றிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, பின்னர் அல்பேட்டாவிலும் பரவிய ஒரு திட்டம் இதை உணர்ந்து அமைந்தது. கர்ப்பகாலத்தில் குடித்த, போதைவஸ்து எடுத்த பெண்ணுக்கு ஒரு துணை நியமிக்கப்படுகிறார். அவர் மூன்று வருடம் வீடு தேடிப் போவார். வைத்தியரிடம் கூட்டிப்போவார், இருக்க இடம் பார்த்துக் கொடுக்க உதவுவார், சிகிச்சை நிலையத்தோடு பேசுவார். மறுபடி குடித்துவிட்டாள் என்பதற்காக அந்தப் பெண்ணை விலக்குவதில்லை என்பது அத்திட்டத்தின் விதி. மன்னிப்புக்கு எத்தனை தடவை கணக்கு என்று கேட்ட பேதுருவுக்குக் கிடைத்த விடையைப் பல்கலைக்கழகமொன்று அலுவலக ஒழுங்காகவே எழுதிவைத்திருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். கனடாவில் இது பழங்குடி மக்களின் நோய் என்றொரு பேச்சு உண்டு. அது பிழை, கர்ப்பிணிகள் மது அருந்தும் எந்த இனத்திலும் இது உண்டு. ஆனால் அம்மக்களிற் பலரைக் குடி இவ்வளவு வருத்துவதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஏறக்குறைய 150,000 பிள்ளைகள் தாய்தகப்பனிடமிருந்து பிரிக்கப்பட்டு வதிவிடப் பாடசாலைகளிற் சேர்க்கப்பட்டார்கள். அவற்றில் அரைவாசிக்கு மேற்பட்டவை கத்தோலிக்கருடைய நிர்வாகத்தில் இருந்தன. பலவற்றை நடத்தியவர்கள் அமலமரித் தியாகிகள். யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்து, நமக்குக் கோயில்களும் கல்லூரிகளும் கட்டித்தந்த அதே சபையினர். கனடாவிலுள்ள அச்சபையினர் 1991இல் மன்னிப்புக் கேட்டார்கள். பாப்பரசர் பிரான்சிஸ் 2022 ஜூலை 25இல் அல்பேட்டாவின் மஸ்குவாச்சிஸ் சென்று மன்னிப்புக் கேட்டார். உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் விடுத்த 94 அழைப்புகளில் 33ஆவதும் 34ஆவதும் இந்தக் கருக்கால மதுப் பாதிப்பைப் பற்றியவை. தாயின் கையிலிருந்து பறிக்கப்பட்டு, அணைப்பின்றி வளர்ந்த சிறுமி பின்னாளில் தானும் தாயாகிக் குடித்தால், சீடர்களின் கேள்விக்கு விடை தேடி எத்தனை தலைமுறை பின்னே போவது? போகும் வழியில் நமது அங்கி அணிந்தவர்களும் நிற்கிறார்கள்.

குருக்களாகிய எமக்கு இதில் நடைமுறைச் சங்கடம் ஒன்றும் உண்டு. இப்பிள்ளைகள் வளர்ந்து பாவசங்கீர்த்தனத்துக்கு வருவார்கள். மேல் பாவம் செய்வதில்லை என்ற பிரதிக்கினை வேண்டும் என்கிறோம். கேட்டால் அவன் மனதார ஆம் என்பான். அந்த நேரத்தில் அது பொய்யன்று. கோயில் வாசலைத் தாண்டுமுன் மறந்துவிடவும் கூடும். அடுத்த சனிக்கிழமை அதே பாவத்தோடு வந்து நிற்பான். சொற்களைச் சுருக்குங்கள், உவமையாற் பேசாதீர்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள், அதையே அதேவிதமாகத் திரும்பச் சொல்லுங்கள், கூடவே நில்லுங்கள் என்று அந்தப் பாடங்களில் ஆசிரியர்களுக்குச் சொல்லும் புத்தி குருவானவருக்கும் பொருந்தும். இந்த வாரம் முழுவதும் பொறுமையாக இரு என்ற அபராதம் இவனுக்கு உதவாது. மாதா சுரூபத்தின் முன்னே கூட்டிக்கொண்டுபோய், இருவருமாக முழந்தாளிட்டு, ஒரு அருள் நிறை மந்திரத்தை அங்கேயே சேர்ந்து சொல்லி முடித்துவிட வேண்டும்.