அப்படியே ஒரு எட்டு

என் பாஸ்போர்ட்டில் உள்ள அமெரிக்க விசாவில் 'பி1/பி2' என்று அச்சாகியிருக்கிறது. பி1 தொழிலுக்கு, பி2 உல்லாசத்துக்கு. அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் நிஜமாகவே உல்லாசம் என்ற பொருள்தரும் சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. இந்தியர்களுக்குப் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்து ஒரே விசாவாகக் கொடுத்துவிடுகிறார்கள், நடுவில் ஒரு சாய்கோடு போட்டு. ஐடியில் இருக்கும் என் தலைமுறையில் பலர் உலகத்தைப் பார்த்தது அந்தச் சாய்கோட்டின் வழியாகத்தான். கிளையண்ட் மீட்டிங்குக்கு நியூ ஜெர்சி போனால் அப்படியே நயாகரா. சூரிக்கில் ஒரு வாரம் வேலை என்றால் அப்படியே ஆல்ப்ஸ். இதற்கென்று ஆங்கிலத்தில் பிசினஸையும் லெஷரையும் ஒட்டவைத்து 'ப்ளெஷர்' என்று ஒரு சொல்லே வந்துவிட்டது.

இதில் தப்பு ஏதாவது இருக்கிறதா?

நண்பர்களிடம் கேட்டால் இது பணக் கேள்வியாக மாறி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கூடுதல் நாட்களுக்கு ஓட்டல் வாடகையும் சாப்பாடும் நம் கையிலிருந்து, லீவு நம் கணக்கிலிருந்து. டிக்கெட் எப்படியும் கம்பெனி போட்டது. வெள்ளிக்குப் பதில் திங்கள்கிழமை திரும்புவதால் கட்டணம் கூடினால் அந்த வித்தியாசம் நம்முடையது. மேனேஜரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான். இந்தக் கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கணக்கு சரியாக வந்த பிறகும் ஏதோ ஒன்று மிச்சம் நிற்கிறது. அது என்னவென்று தத்துவவாதிகளைவிட வரித்துறைக்காரர்கள் அதிகம் யோசித்திருக்கிறார்கள்.

அமெரிக்க வருமான வரி விதி ஒன்று. தொழிலுக்காக வெளிநாடு போய் ஒரு வாரத்துக்கு மேல் தங்குகிறீர்கள். மொத்த நாட்களில் கால் பங்குக்கும் குறைவாகவே சொந்த விஷயங்களுக்குச் செலவிட்டிருந்தால், போய்வந்த டிக்கெட் முழுவதையும் தொழில் செலவாகக் காட்டலாம். சரி, சனி ஞாயிறை எந்தப் பக்கம் வைப்பது? இரண்டு வேலை நாட்களுக்கு நடுவில் வந்தால் அது வேலைக் கணக்கு. வேலை முடிந்தபின் சுற்றிப் பார்க்கத் தங்கிய சனி ஞாயிறு என்றால் சொந்தக் கணக்கு. அதே ஊர், அதே மழை, அதே மியூசியம். நாட்காட்டியில் அது எந்த இடத்தில் விழுகிறது என்பதை வைத்து உங்கள் மனதில் என்ன இருந்தது என்று முடிவுசெய்கிறார்கள். மனதைத் திறந்து பார்க்க முடியாதபோது நாட்களைத்தானே எண்ண முடியும்.

பிரிட்டன்காரர்கள் மனதையே திறந்து பார்க்க முயன்றார்கள். 1983இல் மல்லாலியு எதிர் டிரம்மண்ட் என்ற வழக்கு. ஒரு பெண் பாரிஸ்டர், நீதிமன்றத்துக்காக மட்டுமே அணிந்த கறுப்பு உடைகளுக்கான செலவைத் தொழில் செலவாகக் கேட்டார். வாங்கும்போது தொழிலைத் தவிர வேறு நினைப்பே இல்லை என்றார். பிரபுக்கள் சபை ஒத்துக்கொள்ளவில்லை. நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் உடை என்பது குளிருக்கும் மானத்துக்கும்தானே என்றது. இந்த விவாதத்தில் எடுத்துக்காட்டாக வரும் ஒரு டாக்டர் இருக்கிறார். அவருடைய நோயாளி தென் பிரான்சில் இருக்கிறார், நண்பரும்கூட. டாக்டர் அங்கே போய் ஒரு வாரம் தங்கி வைத்தியம் பார்க்கிறார். அந்தக் கடற்கரை வெயில் அவர் போனதற்கு ஒரு நோக்கமா, அல்லது போனதால் வந்த விளைவா? விளைவு என்றால் பாதகமில்லை. எவ்வளவு சின்னதாக இருந்தாலும் நோக்கம் என்றால் செலவு தள்ளுபடி.

நோக்கமா, விளைவா. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு ஞாபகம்தான் வந்தது.

திருச்சியில் கல்யாணம் என்றால் அப்படியே ஸ்ரீரங்கம். ஆஸ்பத்திரியில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்க மதுரை போனால் அப்படியே மீனாட்சி. என் அம்மா மெரினாவைப் பார்த்தது மாமாவின் கண் ஆபரேஷனுக்காகச் சென்னை வந்தபோது. "வந்தது வந்துட்டோம், அப்படியே ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாமா?" அதுவரைக்கும் கடல் பார்க்கணும் என்று அம்மா யாரிடமும் கேட்டதில்லை. கேட்கக்கூடிய விஷயமாக அது இருந்ததே இல்லை. அப்பாவுக்குத் தபால் துறையில் வேலை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு ஊர் சுற்ற மத்திய அரசே எல்டிசி என்று பயணச் செலவைக் கொடுத்தது. சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கென்றே கொடுத்த பணம். அதில் டெல்லி, ஆக்ரா கூட்டிப்போனார். அக்கம்பக்கத்தில் கேட்டபோது சொன்ன பதில்: "விட்டா காலாவதி ஆயிடும் சார்." தாஜ்மகாலுக்குக்கூட ஒரு சாக்கு தேவைப்பட்டது.

சந்தோஷத்தை எப்போதும் விளைவாகவே வைத்துக்கொள்வது, ஒருநாளும் நோக்கமாக ஒத்துக்கொள்ளாமல் இருப்பது: எங்களைப் போன்ற குடும்பங்களின் ஒழுக்கம் அது. பி1/பி2 அதன் நவீன வடிவம்.

விளைவாகக் கிடைப்பதற்கு ஒரு தனி அழகு உண்டு என்பதையும் சொல்லவேண்டும். ஜெர்மனியின் கொலோனில் ஒரு புராஜெக்டுக்காக மூன்று வாரம் இருந்தேன். அங்குள்ள பெரிய தேவாலயம் ரயில் நிலையத்தை ஒட்டியே நிற்கிறது. 1248இல் தொடங்கி, 16ஆம் நூற்றாண்டில் வேலை நின்று, பாதிக் கோபுரத்தின் உச்சியில் பாரந்தூக்கி நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே நின்று, கடைசியில் 1880இல்தான் கட்டிமுடித்தார்கள். எங்கள் புராஜெக்ட் டிலே ஆனதற்கு எல்லாம் ஆறுதல் சொல்லும் கட்டடம். லேப்டாப் பையோடு தினமும் காலையில் அதைக் கடந்துதான் போனேன். இரண்டாம் வாரத்தில் அதை அண்ணாந்து பார்க்காமல் நடந்தேன், அந்த ஊர்க்காரர்கள் போலவே. சுற்றுலாவில் போயிருந்தால் இந்தப் பழக்கம் கிடைத்திருக்காது.

அங்கே உடன் வேலைபார்த்தவர் ஒருநாள் கேட்டார்: "ஊரைப் பார்க்க எப்போ வருவே?" "அதான் வந்துட்டேனே, சனி ஞாயிறு சுத்துறேனே" என்றேன். "இல்லை, இது வேலை. ஊரைப் பார்க்க எப்போ வருவே?" அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. ஜெர்மனியின் 1963ஆம் ஆண்டு விடுப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது: விடுப்பின் நோக்கத்துக்கு முரணான சம்பாத்திய வேலையை விடுப்பில் செய்யக்கூடாது. விடுப்புக்கு நோக்கம் என்று ஒன்று இருக்கிறது என்று சட்டமே எழுதிவைத்திருக்கிற நாட்டில், அதை வேலைக்கு இலவச இணைப்பாக வாங்கிக்கொள்வது அவருக்கு விநோதமாகப் பட்டிருக்க வேண்டும்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்கவைத்தது அவரில்லை, என் மனைவி. அந்தப் பயணத்தோடு இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். டிக்கெட் எப்படியும் போட்டது, கூடுதல் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம் என்று எஞ்சினியர் கணக்கு சொன்னேன். மகளுக்கு அப்போது மூன்று வயது. துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "போயிட்டு வா. நான் பார்த்துக்கறேன். உனக்குக் காரணம் வந்துகிட்டே இருக்கு. எனக்குக் காரணம் எங்கேர்ந்து வரும்?" அவளும் வேலைக்குப் போகிறவள்தான், வங்கியில். அவளுடைய அலுவலகப் பயணம் என்பது வேலூர் கிளைக்கு ஆடிட்டுக்குப் போய் ராத்திரிக்குள் திரும்புவது.

அந்த இரண்டு நாளின் விலை பூஜ்யம் இல்லை. அது யூரோவில் வரவில்லை, அவ்வளவுதான். சென்னையில் வேறொருவரின் தூக்கத்திலிருந்து போனது. ஆனால் அவள் கேட்டது அதற்கும் மேலே. சாக்கு இருந்தால்தான் சந்தோஷப்படலாம் என்று ஒரு வீடு, ஒரு ஊர், ஒரு தலைமுறை ஒத்துக்கொண்டால், சந்தோஷம் சாக்கு கிடைக்கிறவர்களுக்கு மட்டும் போய்ச்சேரும். யாருக்குச் சாக்கு கிடைக்கும் என்பதைச் சந்தை முடிவுசெய்கிறது. எனக்கு ஒரு கிளையண்ட் அனுப்புகிறான். அம்மாவுக்கு யாருக்காவது கண் ஆபரேஷன் நடக்கவேண்டியிருக்கிறது. சாக்கு கிடைக்காதவர்களால் ஆசைப்படுவதாகச் சொல்லக்கூட முடிவதில்லை. 'அப்படியே' என்று ஒட்டவைக்க அவர்களிடம் முதல் பாதி இல்லை.

அதனால் அந்த இரண்டு நாளை விட்டுவிடவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. விட்டால் யாருக்கும் லாபமில்லை. ஆனால் விளைவு என்று பாவனை செய்யாமல், இது என் ஆசை, இதற்காகவும்தான் போகிறேன் என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் அது வீட்டில் கேட்டுப் பெறவேண்டிய ஒன்றாகிறது. கேட்டுப் பெற்றதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். இரண்டு நாளுக்கு இரண்டு நாள், என் லீவில், அவள் எங்கே போகிறாள் என்று காரணம் கேட்காமல். இப்போது எங்கள் வீட்டில் அப்படித்தான். முதல் முறை அவள் புதுச்சேரிக்குத் தனியாகப் போய்வந்தாள். அங்கே என்ன செய்தாள் என்று எனக்கு இன்னும் முழுசாகத் தெரியாது.

கடினம் என்னவென்றால், நோக்கமாக அறிவித்த சந்தோஷத்தைத் தமிழில் சொல்வதே கூச்சமாக இருக்கிறது. போன மாதம் அம்மாவுக்குப் போன் செய்து, தரங்கம்பாடிக்குப் போகலாம், இரண்டு நாள் கடல் பக்கம் இருந்துவிட்டு வரலாம் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா, ஏதாவது விசேஷமா என்று யோசித்திருக்க வேண்டும்.

"அங்க நமக்கு என்னடா வேலை?"

"ஒரு வேலையும் இல்லம்மா."